செட்டிநாட்டில் மூன்று நாள்: மழைத்தண்ணீர் போகும் வழியே

முதல் நாள்: கானாடுகாத்தான்

காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் கானாடுகாத்தான். 'செட்டிநாடு' என்றே பெயர்ப்பலகை மாட்டிய ரயில் நிலையம் ஊரை ஒட்டி இருக்கிறது. ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. காரைக்குடி சந்திப்பில் இறங்கி டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிப்பதுதான் தோது. விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரை, திருச்சி இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

காலை எட்டரைக்குள் தெருவில் இறங்கிவிட வேண்டும். தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக, அகலமாக இருக்கும். மர நிழல் குறைவு. பதினொரு மணிக்கு மேல் வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் வெயிலில் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழையையும் பார்க்க வேண்டும் என்றால் நவம்பர். குடையோடு வந்தால் இந்த ஊர் இன்னும் நன்றாகப் புரியும்.

இங்கே டிக்கெட் கவுண்டர், நுழைவாயில், 'தொடாதீர்கள்' பலகை எதையும் தேட வேண்டாம். ஊர் முழுக்கவே காட்சிப்பொருள். செட்டிநாட்டுக்கு 96 ஊர் என்பது பழைய கணக்கு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இப்போது எழுபத்துச் சொச்சம் ஊர்கள்தான் அந்தப் பட்டியலில் நிற்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்த்தொகுதி இடம்பெற்றது. உத்தேசப் பட்டியல் என்றால் வரிசையில் நிற்கிறது என்று பொருள். 'உலகப் பாரம்பரியச் சின்னம்' என்று சில விளம்பரங்களில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

வழிகாட்டிகள் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கேட்டுக்கொள்ளலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் நிறையப் பணம் இருந்தது என்பதைத் தவிர வேறு சேதி இல்லை. இந்த வீடுகளைக் கட்டியவர்களின் மூளை வேலை செய்த இடம் தண்ணீர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வற்றாத ஆறு பக்கத்தில் இல்லை. மழைத்தண்ணீர் கூரையிலிருந்து எப்படி இறங்கி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், ஊர் தானாக விளங்கிவிடும். குழந்தைகளுக்கும் இது சுலபம். பாணி, காலம், வம்சம் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வீட்டின் அமைப்பு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக் கதவு; பெரிய வீடு இரண்டு தெருவுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும். பக்கச் சுவரை ஒட்டிப் பிள்ளைகளைக் காலடி எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், நீளம் காலில் ஏறிவிடும். முகப்பில் படியேறினால் இரு பக்கமும் திண்ணை. தலைவாசல் நிலைக்கு மேலே செதுக்கிய லட்சுமி. உள்ளே போனால் வளவு. நடுவில் வானம் தெரியும் முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த பத்தி, அதை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, இன்னும் பின்னால் அடுப்படி, உரல், அம்மி, கிணறு, கொல்லை. கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் தலைவாசலில் நின்றே பின்தெரு வெளிச்சத்தைப் பார்க்கலாம். காற்றும் அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது.

முற்றத்தின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் இன்றைய முக்கிய வேலை. நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிகிறது. இரண்டு சரிவு சந்திக்கும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். நாலு மூலைக்கு நாலு கூடல்வாய். சரிவுகளில் விழும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மூலைகளுக்குத்தான் வந்து சேர்கிறது. அதனால் அந்த இடத்தில் ஓடுகளை நம்பாமல் உலோகத் தகடு போட்டு, நுனியில் தூம்பு வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் அதன் கீழே அண்டாவை வைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டிப் பிடிப்பது வழக்கம். முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்க மாட்டார்கள். அது ஓட்டின் மேலிருக்கும் தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். 2,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,800 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் எத்தனை குடம் என்று பிள்ளைகளே வகுத்துக்கொள்ளட்டும்.

பிடித்தது போக மிச்சம் முற்றத்தில் விழும். முற்றத்தின் கல்தரை பத்தியைவிடத் தாழ்வு. ஒரு மூலையில் துளை இருக்கும். அங்கிருந்து தரைக்கடியில் கால்வாயாகத் தெருவுக்குப் போய், தெருச் சரிவோடு ஓடி ஊருணியில் சேர வேண்டும். சேர வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, அதை மூன்றாம் நாள் பார்ப்போம்.

பழுது எங்கே தொடங்குகிறது என்பதும் இதே மூலையில்தான் தெரியும். கூடல்வாயில் சருகு அடைத்தால் தண்ணீர் தகட்டைத் தாண்டி வழிந்து, கூரையைத் தாங்கும் கைமரத்தின் நுனியை நனைக்கும். நனைந்த மரம் கறுக்கும், பிறகு பொடியும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் முதலில் விழுவது முற்றத்து மூலைதான். ஒரு வீடு எத்தனை வருஷமாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதைக் கைமர நுனியின் நிறத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஓடுகளையும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, முழுக்கக் காயும் முன்பு நெடுக்காக இரண்டாகப் பிளந்து சுட்டது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். ஒரு வரிசை மல்லாக்க, அதன் விளிம்புகளை மூடிக் குப்புற ஒரு வரிசை, இப்படியே அடுக்கடுக்காக. மல்லாந்த ஓடு வாய்க்கால், குப்புற ஓடு மூடி. அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. ஆணி, காரை எதுவும் கிடையாது. ஓட்டின் கனமே ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே குரங்கும் பூனையும் ஓடினால் நகர்ந்துவிடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கி, உடைந்ததைக் கழித்து, மறுபடி மேய வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. ஒரு தலைமுறை இதைத் தள்ளிப்போட்டால் கூரை போச்சு.

சுவர். பளபளவென்று, தொட்டால் பளிங்குபோலக் குளிரும். பெயின்ட் இல்லை, காரைப்பூச்சு. நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீர் சேர்த்துப் பல பூச்சாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு மெல்லியது. வெண்ணெய் மாதிரி அரைத்த சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு. அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் திட்டு விழுந்துவிடும். ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிப்பதற்காக ஆள் மாற்றி ஆள் தேய்த்ததெல்லாம் அதனால்தான்.

இந்தச் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் பழுதுபார்ப்பவர்கள்தாம். விரிசலை சிமென்ட் வைத்து அடைப்பார்கள். சுண்ணாம்பு மிருதுவானது, சிமென்ட் விறைப்பு; இரண்டும் ஒன்றாக அசையாது, அடைத்த இடத்தைச் சுற்றிப் புது விரிசல் ஓடும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துப் படலம் படலமாக உரியும். பார்க்கப் போகிற நாமும் கொஞ்சம் கெடுக்கிறோம். எண்ணெய்த் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் கறை ஆழமாக இறங்கிவிடும். பத்தியில் உட்கார்ந்தால் தூணில் சாய்வது நல்லது.

வளவு அறைகளின் கணக்கு தனி. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் வரிகூடப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் 'வேறு வைத்து' விடுவார்கள். அதே வீட்டில்தான் இருப்பார்கள், ஆனால் அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் தனி. வளவைச் சுற்றி அத்தனை அறைகள் இருப்பதும் பின்கட்டில் அத்தனை அடுப்புகள் இருப்பதும் இந்த ஏற்பாட்டால். கூட்டுக்குடும்பம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இங்கே பொருந்தாது. கூரை ஒன்று, கணக்கு வேறு. இன்றைக்கு வீடு பாழாவதற்கும் இதிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நாலாவது தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள், ஓடு மாற்ற எல்லோரும் காசு போட வேண்டும், விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் பூட்டுத்தான்.

கட்டிய பணம் பர்மா, இலங்கை, மலாயா வட்டிக்கடைகளிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து முறிந்தது. அதற்குப் பிறகு இந்த அளவில் வீடு எழும்பவில்லை.

செட்டிநாடு அரண்மனை இந்த ஊரில்தான். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமையக் காரணமான ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் வீடு. வெளியில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், உள்ளே பொதுவாக விடுவதில்லை. அக்கம்பக்கத்தில் விடுதியாக மாற்றிய வீடுகளும், கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகளும் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பெரியவராக இருந்தால் 'அய்யா' என்று கூப்பிட்டு, உள்ளே போகலாமா என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விடுங்கள். வீட்டுக்கார அம்மாளை 'ஆச்சி' என்பதுதான் இங்கே மரியாதை. அவர் சின்ன வயதுக்காரராக இருந்தாலும் தப்பாக நினைக்க மாட்டார்.

தாத்தா பாட்டியோடு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி, அதைத் தாண்டியதும் தரை ஒரு படி தாழ்ந்திருக்கும். வெயிலிலிருந்து உள்ளிருட்டுக்குள் நுழையும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கைபிடித்துக் கூட்டிப் போங்கள். முழங்கால் வலிக்காரர் திண்ணையிலும் வளவிலும் மட்டும் உட்கார்ந்து பார்த்தாலே முக்கால்வாசி பார்த்தாயிற்று. கழிப்பறை வசதி பார்வையாளர்களுக்கென்று எல்லா வீட்டிலும் இருக்காது. விடுதியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டாம் நாள்: ஆத்தங்குடி, மாலையில் காரைக்குடி

ஆத்தங்குடியில் பெரிய வீடு என்கிற லட்சுமி விலாஸ் கட்டணத்துக்குத் திறந்திருக்கிறது. சினிமாவில் பார்த்த வீடு என்று கூட்டம் வரும். நேற்று ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இங்கே அரைமணி போதும். மேற்கூரை வேலைப்பாட்டையும் தரையையும் பார்த்துவிட்டு நேரே டைல்ஸ் பட்டறைக்கு நடங்கள். இன்றைய நாள் அங்கேதான்.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. சுடாத கல். சிமென்ட் தண்ணீரில் இறுகுவதுதான் மொத்த இரகசியம். மேல்பக்கம் கீழே இருக்கும்படி தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டறையில் நின்று ஒரு கல்லை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கச் சில நிமிஷங்கள் போதும்.

ஒரு சதுரக் கண்ணாடித் துண்டை நன்றாகத் துடைத்துப் படுக்க வைக்கிறார்கள். அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவோ கட்டமோ வரும்படி தகடு வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம். வெள்ளை சிமென்டில் ஆக்ஸைடு பொடியைக் கலந்து, தோசைமாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைத்து, கரண்டியால் ஊற்றுகிறார்கள். கனம் சில மில்லிமீட்டர்தான். அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை ஒரு பக்கம் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அச்சே இல்லாமல் கரண்டி நுனியால் கொடி ஓட்டுகிற கைக்காரர்களும் உண்டு. அவர்கள் போடும் இரண்டு கல் ஒன்றுபோல் இருக்காது.

அடுத்த படிதான் சூட்சுமம். சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியை நிறத்தின் மேல் தூவுகிறார்கள். கரைசலில் இருக்கும் மிகைத் தண்ணீரை அது உறிஞ்சி நிறத்தை நிலைநிறுத்திவிடும். தூவல் குறைந்தால் நிறம் கலங்கும். அதிகமானால் மேல் படலமும் அடிக்கலவையும் ஒட்டாமல் பிற்பாடு தனித்தனியே பிரியும். அதன் மேல் ஈரக்கலவையைப் போட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியோடு அப்படியே நகர்த்தி வைக்கிறார்கள். ஒரு நாள் இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டி. அங்கே நாள்கணக்கில் ஊறும், கண்ணாடி தானாக விட்டுவிடும். பிறகு உலர்த்தல். கண்ணாடி எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பு கல்லுக்கு. மெருகு தனியாகப் போடுவதில்லை. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் அது கல்லில் அம்மைத் தழும்பாக நிற்கும்.

வாங்க நினைக்கிறவர்களுக்குக் கணக்கு. 10 அங்குலச் சதுரம், முக்கால் அங்குலக் கனம் என்றால் ஒரு கல் சுமார் இரண்டரை கிலோ. நூறு சதுர அடிக்கு 144 கல் வேண்டும், உடைசலுக்குச் சேர்த்து 155 ஆக வாங்குங்கள். எடை 400 கிலோவை நெருங்கும். கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகிற சமாசாரமில்லை. லாரியில் ஏற்றும்போது தட்டையாக அடுக்காமல் நிமிர்த்தி, இடையில் வைக்கோல் வைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். தொட்டியில் ஊறாத அவசரக் கல்லைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுக்கலாம், மொத்தென்று கேட்டால் விடுங்கள். ஒரே அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குவதும் நல்லது. அடுத்த கலவையில் அதே சிவப்பு வராது.

பதித்த பிறகு உமியைப் போட்டுத் தேய்த்து, பின் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பது பழைய முறை. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். கெடுக்க ஒரே ஒரு பாட்டில் ஆசிட் போதும். சிமென்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை அமிலம் அரித்துவிடும், மெருகு போனால் திரும்பாது. எலுமிச்சை, புளி சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். அதனால் இந்தக் கல் வளவுக்கும் கூடத்துக்கும் பொருத்தம், அடுப்படிக்கு அவ்வளவாகச் சொல்ல மாட்டோம்.

பட்டறையில் தண்ணீர்த் தொட்டிகளின் விளிம்பு தாழ்வு, தரை வழுக்கும். சின்னப் பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஈரக்கல்லில் விரல் வைத்தால் ஒருவரின் உழைப்பு வீண்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு இங்கே அளவு சொல்வது கிண்ணக் கணக்கில் இல்லை. ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைஸாக அரைத்து, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் பாலும். காய்ந்த எண்ணெயில் ஒரு தடவைக்கு ஒரு கரண்டி. மாவு நீர்த்தால் எண்ணெய் குடித்துத் தட்டையாகும், கெட்டியானால் ஓரம் விரியாது. சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தட்டில் பொன்னிறமாக வந்தால் அந்த அடுப்பில் யாரோ கவனிக்கவில்லை. தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி, குழந்தைகளுக்கு வெறும் பணியாரம் போதும்.

மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. இடித்த வீடுகளின் உறுப்புகள் இங்கேதான் வந்து சேர்கின்றன. தூண், நிலை, கணக்குப்பெட்டி, மரவை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு. அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டோடு இருக்க வேண்டியதெல்லாம் விலைச்சீட்டோடு இருக்கிறது. நேற்று நிமிர்ந்து பார்த்த கைமரம் இங்கே நடைபாதையில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். எனாமல் பாத்திரத்தின் அடியில் தயாரித்த நாட்டின் பெயர் பொறித்திருக்கும், பிள்ளைகளுக்கு அதைத் தேடுவதே ஒரு விளையாட்டு. சில்லு பெயர்ந்த எனாமலில் சமைக்க வேண்டாம், அடியில் இரும்பு, துருப்பிடிக்கும். பித்தளை வாங்கினால் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரருக்கு என்று வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருஷம். கடைக்காரர் 'நூத்தம்பது வருஷத்துச் சாமான்' என்று பெருமையாகச் சொன்னால், விமான நிலையத்தில் அதே வாக்கியம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

சுமை இல்லாத பொருள் வேண்டுமென்றால் பனையோலையில் பின்னிய கூடையான கொட்டான் (2013இல் புவிசார் குறியீடு) அல்லது கண்டாங்கிச் சேலை (2019இல்).

மூன்றாம் நாள்: ஊருணி, பிறகு கீழடி

காலை ஆறரைக்கு ஏதாவது ஒரு ஊருணிக் கரையில் நிற்க வேண்டும். எந்த ஊர் என்றாலும் சரி, ஊருணி இல்லாத செட்டிநாட்டு ஊர் கிடையாது. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டி, செம்புறாங்கல்லில் படிக்கட்டு வைத்துக் கட்டியது. குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று என்று பிரித்து வைத்த ஊர்கள் உண்டு. குடிக்கிற ஊருணியில் காலை நனைக்கக்கூட விட மாட்டார்கள்.

தண்ணீர் வரும் வாயைக் கண்டுபிடியுங்கள். வரத்துக்கால் என்பார்கள். மேட்டுப் பக்கம் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், மிகைநீர் வெளியேறும் வழி. அது அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும். நேற்று முன்தினம் வளவின் துளையில் விட்ட தண்ணீர் இங்கே வந்து சேர வேண்டும். பல இடங்களில் வரத்துக்கால் பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கும். காரணம் பெரும்பாலும் சாலைதான். பழைய தெருவின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டு, தெரு மட்டம் உயர்ந்துவிட்டது. சரிவு திசைமாறி, தண்ணீர் ஊருணிக்குப் போகாமல் வீட்டு வாசலில் தேங்குகிறது. திண்ணைக்குக் கீழே எத்தனை படி தெருவுக்குள் புதைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். வீடுகளை உயரமான மேடையில் கட்டியதற்கு, நகரத்தாரின் முன்னோர் ஊரான பூம்புகாரைக் கடல் கொண்ட கதையைச் சொல்வார்கள். கதை எப்படியோ, அந்த உயரம் இன்றைக்கு உதவுகிறது.

எட்டு மணிக்குக் கிளம்பினால் பிள்ளையார்பட்டியில் குடைவரைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. சதுர்த்தியன்று போனால் வரிசையிலேயே காலை போய்விடும்.

காரைக்குடியிலிருந்து சிவகங்கை வழியாகக் கீழடி சுமார் இரண்டு மணி நேரம். செட்டிநாட்டுக்குள் அடங்காத ஊர், ஆனால் அதே சிவகங்கை மாவட்டம். 2023 மார்ச் 5இல் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். திண்ணை, தூண், முற்றம் எல்லாம் உண்டு. இரண்டு நாள் வளவு பார்த்த பிள்ளைகள் வாசலிலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வாராந்திர விடுமுறை உண்டு. கிளம்புமுன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், அவ்வளவு தூரம் வந்து பூட்டைப் பார்ப்பது கொடுமை.

அகழாய்வு 2014–15இல் மத்தியத் தொல்லியல் துறையிடம் தொடங்கி, நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் வந்தது. தொல்மேடு மொத்தம் 110 ஏக்கர். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு பொதுயுகத்துக்கு முன் 580ஆம் ஆண்டைக் காட்டியது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் குழிகளுக்குப் போவதா, குழிகளைப் பார்த்துவிட்டு உள்ளே போவதா என்று கேட்பார்கள். சிறுவர்களோடு போனால் குழி முதலில். பத்து மணி வெயில் தாங்கும், பன்னிரண்டு மணி வெயில் தாங்காது. குழிகள் இருக்கும் இடத்தில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு 2025 ஜனவரி 23இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை நடக்கும் பகுதிகளில் பாதை மாறலாம், காவலர் கைகாட்டும் வழியில் போங்கள்.

குழியின் ஓரத்தில் நின்று முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், அடியை அப்புறம் பார்க்கலாம். மண் படிந்த அடுக்குகள் நிறம் நிறமாகத் தெரியும். கீழே போகப் போகப் பழையது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு வழி வேண்டாம், துவைக்கப்போட்ட துணிக்கூடையை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், திங்கட்கிழமைச் சட்டை அடியில், வெள்ளிக்கிழமைச் சட்டை மேலே.

பிறகு உறைகிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியது. வைகைக் கரை மண் இளகியது, வெறுமனே தோண்டினால் பக்கம் சரிந்து மூடிவிடும். வளையம் இறங்கினால் மண் நிற்கும், தண்ணீர் ஊறும். செங்கல் வாய்க்காலும் சுடுமண் குழாயும் இங்கே கிடைத்திருக்கின்றன. மூன்று நாளாகக் கூரை, தூம்பு, துளை, வரத்துக்கால் என்று பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்கு இவை எதுவும் புதிதாகத் தெரியாது.

அருங்காட்சியகத்துக்குள் ஆறு பகுதிகள். எல்லாவற்றையும் நின்று படித்தால் மூன்று மணி நேரம். பசியோடு வரும் குடும்பத்துக்கு அது ஆகாது. சிறுவர்களுக்குப் பகடையும் சில்லும். உடைந்த பானையோட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த ஆட்டச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பெரியவர்களுக்கு 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் (தமிழ் பிராமி) கீறிய பானையோடு. நெசவு தெரிந்த பாட்டி இருந்தால் நூல் நூற்கும் தக்களிகள் இருக்கும் இடத்தில் அவரைப் பேச விட்டுவிடுங்கள்.

கூரை ஓடுகளை மட்டும் தாண்டிப் போய்விட வேண்டாம். பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள், பார்க்க வெறும் செங்கல் துண்டு மாதிரித்தான் இருக்கும். மேல் நுனியில் இரண்டு துளை, சட்டத்தோடு கட்டுவதற்கு. செட்டிநாட்டு நாட்டு ஓட்டுக்கு இல்லாத பிடிமானம் இதற்கு உண்டு. முகத்தில் மேலிருந்து கீழாகச் சில பள்ளக்கோடுகள். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக, களிமண் ஈரமாக இருந்தபோது யாரோ விரலை அழுத்தி இழுத்த தடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விரல்களை விரித்து வைத்துப் பார்த்தால் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தெரியும்.